பீடிக்கடைக் கணக்கு: எஸ்க்யூலைட் பூட்டிக்கொள்கிறது, எதற்கு மாறலாம்?

முக்கூடல்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மாமா பீடிக்கடை வைத்திருக்கிறார். இலை, தூள் எடை போட்டுக் கொடுப்பது, சுற்றி வந்த பீடியை எண்ணி வாங்குவது, கழிவு, சம்பளம் எல்லாவற்றுக்கும் நான்தான் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். ஒரே கம்ப்யூட்டர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இப்போது மூன்று. ஃபைலை ஷேர் ஃபோல்டரில் போட்டு மூன்றிலிருந்தும் திறக்கிறோம். சாயங்காலம் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்கும்போதுதான் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று வரும். போன வாரம் ஃபைலே கெட்டுப்போய், ஒரு நாள் வரவை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸுக்கு மாறலாம் என்றால், மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரஸ்ஸா? இன்னொரு தொல்லை: பெயர்ப் பட்டியலில் பானுமதி, பாப்பாவுக்கு முன்னால் வருகிறாள். மாமாவின் பேரேட்டில் அவள் பின்னால்.

பாளை:
தம்பி, எதற்கு மாறுவது என்பது அப்புறம். முதலில் அந்த ஷேர் ஃபோல்டரை விடுங்கள். எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது. உங்கள் நிரலே ஃபைலைத் திறந்து எழுதுகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொள்வது விண்டோஸ். நெட்வொர்க் வழியாகப் போகும்போது அந்தப் பூட்டை நம்ப முடியாது, ஃபைல் கெடுவது அதனால்தான். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பிழைச் செய்தி குறையும், ஆபத்து குறையாது. மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதிவைக்கும் ‘வால்’ (WAL) முறையும் உதவாது; எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

அம்பை:
மரியாடிபி போடுங்கள். ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மைஎஸ்க்யூஎல் போகப்போகிறது என்றதும் 2009-இல் அதை எழுதியவரே பிரித்துக்கொண்டு வந்தது. நான் ஒரு அரிசி ஆலைக்கு வைத்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. எழுத்துக் குறியாக்கத்தை, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். பழைய பதிப்பில் லத்தீன்1 என்று விட்டுவிட்டு, ஆலைக்காரர் பெயரெல்லாம் கேள்விக்குறியாக நின்றதைப் பார்த்தவன் நான்.

பாளை:
அம்பை அண்ணாச்சி சொல்வதும் சரிதான், மூன்று கம்ப்யூட்டருக்கு எந்த சர்வரும் தாராளம். ஆனால் பானுமதிக்கு வழி போஸ்ட்கிரஸ்ஸில் சுலபம். எஸ்க்யூலைட் வெறும் பைட்டை ஒப்பிடுகிறது. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோடு பட்டியலில் ன, ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் அகராதியில் ன கடைசி. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான்: ‘பாப்பா’ முதலில், ‘பாபநாசம்’ பிறகு என்பது நம் வழக்கம், யுனிகோடு வரிசையில் தலைகீழ். போஸ்ட்கிரஸ் 10-லிருந்து ஐசியு (ICU) என்ற, அந்தந்த மொழி வழக்கப்படி அடுக்கும் வரிசைமுறை உண்டு. பெயர்ப் பத்திக்கு ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்று கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் சிங்களத்துக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது, தமிழுக்கு இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

முக்கூடல்காரன்:
போஸ்ட்கிரஸ் போட்டுவிட்டேன் அண்ணாச்சி. அதே கம்ப்யூட்டரில் திறக்கிறது. மற்ற இரண்டிலிருந்தும் ‘நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி’ என்கிறது. அது போக, பழைய தரவை ஏற்றும்போது தூள் எடைப் பத்தியில் அடம்பிடிக்கிறது.

பாளை:
முதலாவது, வாசலில் பெயர் பதியாத கதை. சர்வரின் தரவு ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். உங்கள் கடை நெட்வொர்க்கின் முகவரியை மட்டும் ஒரு வரி சேர்த்து, அமைப்பை ரீலோடு செய்யுங்கள். உலகத்துக்கே திறந்துவிடாதீர்கள். ஃபயர்வாலில் 5432 போர்ட்டையும் பாருங்கள். எடைப் பத்தியில் யாராவது ‘கி’ என்று சேர்த்து அடித்திருப்பார்கள். எஸ்க்யூலைட் எண் பத்தியில் எழுத்தைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரஸ் வாங்காது. சம்பளப் பத்தியை, தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் வைக்காதீர்கள், அப்படியே வைக்கும் நியூமரிக் போடுங்கள். எஸ்க்யூலைட்டில் தசமத்துக்குத் தனி வகையே கிடையாது, பைசா அங்கேதான் நழுவும்.

முக்கூடல்காரன்:
பார்த்தேன், ‘2.5 கி’ என்று பதினோரு வரி. அடித்தது நான்தான், மாமாவிடம் சொல்லவில்லை. மூன்றிலும் ஓடுகிறது. சாயங்கால வரிசையில் இன்று ஒருமுறைகூட நிற்கவில்லை. பானுமதியும் பாப்பாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அம்பை:
ராத்திரி பேக்கப் எந்தக் கம்ப்யூட்டரில் எடுக்கிறீர்கள்?

முக்கூடல்காரன்:
அதே கம்ப்யூட்டரில்தான் அண்ணாச்சி.

அம்பை:
ஏல, ஒரு பென் டிரைவாவது வாங்கும்.