சங்கக் கணக்கும் ஆழ்துளைக் கிணறும்: காட்பாடியில் எங்கள் அனுபவம்

காட்பாடிக்கு அருகே 126 மனைகள் கொண்ட எங்கள் நகரில், வீட்டு உரிமையாளர் சங்கம் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை. பாலாறு வறண்ட ஊரில் அது வியப்புமில்லை. ஆனால் 900 அடிக்குப் பணம் கொடுத்ததாகச் செயலாளர் ரசீது காட்டியபோதுதான் சந்தேகம் எழுந்தது. மோட்டார் இறக்காத கிணறு என்பதால், ஓய்வுபெற்ற பிளம்பரான பக்கத்து வீட்டு அண்ணன் பத்தடிக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். அறுபத்தோராவது முடிச்சில் கல் தரை தட்டியது.

எழுத்து மூலம் கணக்குக் கேட்டோம், பதில் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 36-ஆவது பிரிவின்படி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் மாவட்டப் பதிவாளர் சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்கலாம் என்று வழக்கறிஞர் கூறினார். 42 பேர் தேவை; 44 கையெழுத்து வாங்கினோம். நான் செய்த தவறு அங்கேதான் வெளிப்பட்டது. கோபத்தில் நானும் இன்னும் நால்வரும் பராமரிப்புத் தொகையை நிறுத்தி வைத்திருந்தோம். நிலுவை உள்ளவருக்கு உரிமையில்லை என்ற துணைவிதியைக் காட்டிச் செயலாளர் ஆட்சேபிக்க, எண்ணிக்கை 39 ஆனது. நிலுவையைக் கட்டிவிட்டு, புதிதாகக் கையெழுத்து வாங்க மேலும் இரண்டு மாதம் வீடு வீடாக அலைந்தோம். சண்டை எதுவானாலும் மாதத் தொகையை ரசீதுடன் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

விசாரணையில் தணிக்கை நடக்கவில்லை என்பதும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்ற விதி மீறப்பட்டதும் பதிவாயின. எனினும் தேர்தல் செல்லுமா, நிர்வாகக் குழு மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7-இல் கொடுத்த பெயர்கள் சரியா என்ற தகராறைத் தம்மால் முடிவு செய்ய இயலாது, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுங்கள் என்று பதிவாளர் அலுவலகத்தில் கூறிவிட்டார்கள். ஓராண்டு அலைந்தபின் இதைக் கேட்பது கசப்பாகத்தான் இருந்தது; ஆனாலும் அந்த அறிக்கை இல்லாமல் வழக்குப் போட்டிருந்தால் எங்கள் கையில் வெறும் கயிறுதான் இருந்திருக்கும்.

இப்போது சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் கணக்கு ஒப்புவிக்கக் கோரியும், புதிய தேர்தல் வரை வங்கிக் கணக்கைக் கையாளத் தடை கேட்டும் வழக்கு நடக்கிறது. அண்ணனின் முடிச்சுக் கணக்கைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள் என்பதால், கிணற்றை அளக்க வழக்கறிஞர் ஆணையர் (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) ஒருவரை நியமிக்குமாறு சென்ற வாரம் மனுச் செய்திருக்கிறோம். அதுவரை யாரும் கல்லோ மண்ணோ கொட்டிவிடாமல் கிணற்று வாயை மூடிப் பூட்டி, சாவியைப் பொதுவான ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம்.