கேரம் ஆடுறது தெரபி இல்லையாம், பில்லைத் தள்ளிவிட்டார்கள். இன்சூரன்ஸில் வாங்க வழி உண்டா? அவசரம்

மேல்புறம்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குக் கைக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற சிகிச்சை) நடக்கிறது. அங்கே கேரம் ஆட வைத்துத்தான் விரலைப் பழக்குகிறார்கள். பில் அனுப்பினால் கம்பெனிக்காரன் "இது பொழுதுபோக்கு, சிகிச்சை இல்லை" என்று திருப்பிவிட்டான். பதினெட்டாயிரத்துச் சொச்சம். யாருக்காவது இப்படிக் கிடைத்திருக்கிறதா? என்ன எழுதி அனுப்பணும்? சீக்கிரம் சொன்னால் உதவியாக இருக்கும்.

தக்கலைக்காரி
அப்பாவுக்கு என்ன உடம்புக்கு, எப்போது வந்தது, வயது என்ன, ஆஸ்பத்திரியில் படுத்தாரா, எந்த மாதிரி பாலிசி? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

அருமனை_ரப்பர்
பாலிசி எடுத்து 5 வருஷம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அவன் எந்த பில்லையும் தள்ள முடியாது. புதுச் சட்டம் ஆக்கும். அதைச் சொல்லி ஒரு மெயில் போடுங்க, பணம் தானாக வரும்.

வடசேரி_வாத்தியார்
இந்தப் பகுதியின் மேலே "கேட்பதற்கு முன் படிக்கவும்" என்று ஒன்று மூன்று வருடமாகத் தொங்குகிறது. யாரும் படிப்பதில்லை. இருக்கட்டும்.

ரப்பர் சொல்வது அரைகுறை. 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடினால், பழைய நோயை மறைத்தாய் என்று சொல்லிக் கம்பெனி பின்வாங்க முடியாது. மோசடி என்றால் மட்டும் விதிவிலக்கு. 2024இல் எட்டு வருடத்தை ஐந்தாகக் குறைத்தார்கள். அவ்வளவுதான். பாலிசியிலேயே இல்லாத செலவை அது உள்ளே கொண்டுவராது. விலக்குப் பட்டியல் ஆறாவது வருடத்திலும் விலக்குப் பட்டியல்தான்.

அருமனை_ரப்பர்
என் மச்சானுக்கு வந்ததே?

வடசேரி_வாத்தியார்
உங்கள் மச்சானுக்கு வந்தது சர்க்கரையை மறைத்தார் என்ற கேஸ். நீங்களே போன வருடம் இங்கே எழுதினீர்கள்.

மேல்புறம்_பையன்
ஸ்ட்ரோக் அக்கா. வலது பக்கம். திருவனந்தபுரத்தில் அட்மிட் ஆகியிருந்தார், அந்தப் பணம் முழுக்கக் கிடைத்துவிட்டது. தெரபிக்குத்தான் இல்லை என்கிறார்கள். ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே சேர்த்து ஒரே பாலிசி), 5 லட்சம்.

தக்கலைக்காரி
டிஸ்சார்ஜ் தேதி? தெரபி பில்லின் தேதி? கம்பெனி கடிதத்தில் எந்த விதி எண்ணைக் காட்டியிருக்கிறார்கள்? இந்த மூன்றும் இல்லாமல் நாங்கள் இருட்டில்தான் தடவ வேண்டும்.

குளச்சல்_அலை
எங்க பக்கம் என்றால் கேரம் எதற்கு, வலை முடைய வைத்தாலே போதும். ஊசியைப் பிடிக்க, கண்ணி போட, நூலை இழுக்க என்று அத்தனை விரலும் வேலை செய்யும். பக்கவாதம் வந்த எங்க பெரியப்பாவுக்குக் கை வந்ததே அதனால்தான். தொழில் என்று எழுதிவிட்டால் கம்பெனிக்காரன் வாயைத் திறக்க முடியாது. கேரம் என்று எழுதினால் சிரிக்கத்தான் செய்வான்.

வடசேரி_வாத்தியார்
தொழில் என்று எழுதினாலும் மருத்துவ பாலிசியில் காசு வராது. அது நோய்க்கான சிகிச்சைச் செலவைத் தருகிற பாலிசி. வேலைக்குத் திரும்பவும் தராது, விளையாட்டுக்குத் திரும்பவும் தராது. ஓய்வு பெற்றவருக்குத் தொழில் என்று எழுதினால் பொய் சொன்னதாகவும் ஆகும்.

குளச்சல்_அலை
ஓய்வு பெற்றவர் என்று யார் சொன்னது?

மேல்புறம்_பையன்
பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர்ட் ஆனவர். சாயங்காலம் வாசகசாலையில் கேரம்தான் அவருக்கு எல்லாமே.

களியக்காவிளை_ஓடி
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு பல பேருக்கு விரல்கள் தனித்தனியாக வேலை செய்யாது. ஒன்றை நிமிர்த்தப் போனால் நாலும் சேர்ந்து வரும், மடக்கினால் நாலும் சேர்ந்து மடங்கும். ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும் என்றால் ஆள்காட்டி விரல் மட்டும் சட்டென்று நிமிர வேண்டும், மற்றவை அடங்கி இருக்க வேண்டும். மூலையில் கிடக்கிற காயை எட்டிப் பார்க்கும்போது உடம்பு பலகை மேல் சாய்கிறது, விழாமல் தாங்க வேண்டும். காயைப் பொறுக்கி எடுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும், மாத்திரை அட்டையில் இருந்து மாத்திரை எடுக்கவும் இதே பிடிதான் வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் "போதும் பிள்ளே" என்று வைத்துவிடுகிற ஆள், கேரம் என்றால் முக்கால் மணி நேரம் உட்காருவார். அதனால்தான் கேரம்.

ஓய்வுநேர நடவடிக்கைகள் எங்கள் துறையின் எல்லைக்குள் உள்ளவைதான். குளிப்பது, உடுப்பது, வேலை, படிப்பு என்ற வரிசையில் அதுவும் பாடத்தில் வருகிறது. மூலையில் உட்கார்ந்தே இருக்கிறவருக்கு மனசும் ஒடுங்கிப் போகும் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆனால் பாலிசி எங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது இல்லை. உங்கள் தெரபிஸ்ட் குறிப்பில் இலக்கு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். "வாசகசாலையில் நண்பர்களுடன் கேரம் ஆடுவது" என்று மட்டும் இருந்தால் கம்பெனி டாக்டர் அந்த வரியைப் பிடித்துக்கொள்வார்.

பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது பெரிய வில்லங்கம். தெரபிஸ்டிடம் தனியாக ஒரு அறிக்கை கேளுங்கள். அளந்த கணக்கு கட்டாயம் வைத்திருப்பார். ஒன்பது துளைப் பலகையில் குச்சிகளைச் செருகி எடுக்க முதல் நாள் எத்தனை விநாடி, இப்போது எத்தனை. டைனமோமீட்டரில் பிடி எத்தனை கிலோ. அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று பார்க்கிற பார்தெல் அட்டவணையில் 100க்கு எத்தனை. அப்புறம் கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறாரா, பொத்தான் போடுகிறாரா என்பது. கேரம் அந்த அறிக்கையில் வழிமுறையாக வரலாம், இலக்காக வர வேண்டாம். கூடவே நரம்பியல் டாக்டர் தெரபிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் நான் சொன்னது எதுவும் உதவாது.

ஹூஸ்டன்_நாஞ்சில்
இங்கே அமெரிக்காவில் மெடிக்கேரிலும் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) கிட்டத்தட்ட இதே கதைதான். ஆக்குபேஷனல் தெரபிக்குப் பணம் உண்டு, ஆனால் தெரபிஸ்டின் திறமை தேவைப்படுகிற, மருத்துவ ரீதியாக அவசியமான பயிற்சிக்குத்தான். மனசை வேறு பக்கம் திருப்பவோ பொது உற்சாகத்துக்கோ செய்கிற நடவடிக்கை தெரபி ஆகாது என்று அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் "முன்னேற்றம் நின்றுவிட்டது" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். 2013இல் ஜிம்மோ வழக்கு சமரசத்துக்குப் பிறகு, இருக்கிற நிலை சரியாமல் காக்கவும் திறமையான தெரபி தேவை என்றால் தர வேண்டும் என்று ஆயிற்று. அங்கேயும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாமே?

வடசேரி_வாத்தியார்
அமெரிக்கத் தீர்ப்பை வைத்து மேல்புறத்தில் பில் வாங்க முடியாது ஐயா. அங்கே அது அரசுக் காப்பீடு, இங்கே ஒப்பந்தம்.

ஹூஸ்டன்_நாஞ்சில்
சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன் சார்.

வர்மாணி_திருவட்டாறு
மூன்று மாதம் வர்மத் தடவல் போட்டால் கேரமும் வேண்டாம், பில்லும் வேண்டாம். ஆயுஷ் சிகிச்சைக்கு இப்போது இன்சூரன்ஸ் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

தக்கலைக்காரி
உண்டு, ஆனால் பாலிசியில் சொல்லியிருக்கிற ஆயுஷ் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர வேண்டும். வீட்டுத் திண்ணையில் தடவினால் கிடைக்காது. அவர் கேட்டதும் அது இல்லை.

நாகர்கோவில்_நடராசன்
எனக்கு ஒரு சந்தேகம். இவர் ஏன் திருவனந்தபுரம் போனார்? ஆசாரிபள்ளத்தில் நம் மெடிக்கல் காலேஜ் இல்லையா? எதற்கெடுத்தாலும் எல்லை தாண்டுவது, அப்புறம் இங்கே வந்து அழுவது.

களியக்காவிளை_ஓடி
மேல்புறத்தில் இருந்து ஆசாரிபள்ளம் போவதும் திருவனந்தபுரம் போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்ட்ரோக்குக்கு நேரம்தான் கணக்கு. அடைப்பைக் கரைக்கிற ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் ஜில்லாப் பற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நாகர்கோவில்_நடராசன்
1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லா வசதியும் வரும் என்றார்கள். மேல்புறம் பக்கத்து விளவங்கோட்டுக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கமே ஓடுகிறார்கள் என்றால் தப்பு யாருடையது?

மார்த்தாண்டம்_மாப்ள
அப்போ கேரளத்திலேயே நின்றுபோன நெய்யாற்றின்கரையும் நம்மகூட வந்திருந்தால் சோலி முடிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரி பாதித் தூரம் நம்ம ஏரியாவிலேயே இருந்திருக்கும்.

நாகர்கோவில்_நடராசன்
கிண்டல் வேண்டாம். நான்கு தாலுகாவுக்காக ஆட்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்த்தாண்டம்_மாப்ள
அதை யாரு இல்லைன்னது அண்ணாச்சி. நான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னேன்.

தக்கலைக்காரி
இரண்டு பேரும் வேறு இழை தொடங்குங்கள். மேல்புறம் தம்பி, கடிதம் எங்கே?

மேல்புறம்_பையன்
கடிதத்தில் இருப்பது இதுதான்: "ரிக்ரியேஷனல் நேச்சர். ரிஹேபிலிடேஷன் நாட் பேயபிள், எக்ஸ்க்ளூஷன் 05." வேறு ஒன்றும் இல்லை. தெரபி பில் நாலு மாதத்துக்கானது. டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டோம்.

வடசேரி_வாத்தியார்
இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் பாதி இழை மிச்சம். சரி, இப்போது கவனமாகப் படியுங்கள்.

05 என்ற விலக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த வாசகம். ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு என்று தலைப்பில் இருக்கும். தலைப்பைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பது, சிகிச்சைக்காக இல்லாமல் முக்கியமாகப் படுக்கை ஓய்வுக்காகவே ஆஸ்பத்திரியில் சேருகிற செலவு. குளிப்பாட்ட, உடுத்திவிட, நடக்கவைக்க ஆள் வைக்கிற பராமரிப்புச் செலவும், இறுதிநிலை நோயாளிகளுக்கான சேவைகளும் அதில் அடக்கம். உங்கள் அப்பா தெரபிக்காக எங்கும் அட்மிட் ஆகவில்லை. ஆள் வைத்துக் குளிப்பாட்டிய பில்லும் இல்லை. அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் இதனால் 18,000 முழுதும் வரும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் கேட்க முடிவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்ற தலைப்பில் மட்டுமே. உங்கள் பாலிசியில் அது 60 நாளா, 90 நாளா, 180 நாளா என்று பாருங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் விற்கிற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி என்றால் 60. அந்த நாளுக்குள் உள்ள பில்லை மட்டும் பிரித்து, அட்மிட் ஆன அதே நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தெரபி என்று காட்டிக் கேளுங்கள். மீதி வெளிநோயாளிச் செலவு. ஓபிடி கவர் வாங்கியிருந்தால் ஒழிய அதற்கு வழி இல்லை.

2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கிளெய்மை மறுக்க வேண்டும் என்றால் கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் வேண்டும், எந்த நிபந்தனையின்படி மறுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். "ரிக்ரியேஷனல் நேச்சர்" எந்த நிபந்தனையில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரபிஸ்டின் அறிக்கையை இணையுங்கள் (ஓடி சொன்னது சரி, அவரைப் பாராட்டுகிறேன்). ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி கடைசியாக மறுத்ததில் இருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அருமனை_ரப்பர்
ஆஸ்பத்திரி திருவனந்தபுரம் என்பதால் கொச்சி ஆம்புட்ஸ்மேனுக்குத்தான் போடணும், இல்லையா?

வடசேரி_வாத்தியார்
இல்லை. ஆஸ்பத்திரி எங்கே என்பது கணக்கில்லை. புகார்தாரரின் வீட்டு முகவரியோ, கம்பெனி அலுவலகமோ எங்கே இருக்கிறது என்பதுதான். வீடு மேல்புறம், அதனால் சென்னைக்குப் போடலாம். நேரில் போக வேண்டியதும் இல்லை, வீடியோவில் விசாரிக்க விதி உண்டு.

தக்கலைக்காரி
நாள் கெடு முடிந்த பிறகு என்ன செய்வது என்றும் யோசியுங்கள் தம்பி. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், காசு இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையை இதற்கு நம்ப வேண்டாம், அது உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. கேரம் பலகை வீட்டில் இருந்தால் தெரபிஸ்ட் சொன்ன மாதிரியே வீட்டில் ஆட விடுங்கள். எதிரே உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும்.

களியக்காவிளை_ஓடி
பவுடரைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள். காய் ரொம்ப வழுக்கினால் ஆரம்பத்தில் பிடிக்க முடியாமல் எரிச்சலாகிவிடுவார். பலகையின் உயரம் முழங்கையை ஒட்டி இருக்கட்டும்.

குளச்சல்_அலை
வலை என்றால் பவுடரே வேண்டாம்.

*(இடையில் பல நாள் பதிவு இல்லை)*

தக்கலைக்காரி
மேல்புறம் தம்பி, என்ன ஆயிற்று?

மேல்புறம்_பையன்
90 நாளுக்குள் இருந்த பில்லுக்கு மட்டும் வந்தது. அதிலும் ஒன்றுக்கு டாக்டர் சீட்டு இல்லை என்று கழித்துவிட்டார்கள். அறிக்கை வைத்ததும் கேரம் பேச்சே எடுக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

களியக்காவிளை_ஓடி
கை எப்படி இருக்கிறது?

இரணியல்_சுபா
வணக்கம், இதே மாதிரி ஒரு சந்தேகம். என் மகனுக்கு ஆட்டிசம், வயது ஏழு. தெரபியில் ஊஞ்சல், மணல், பந்து என்று விளையாட்டாகத்தான் போகிறது. எங்கள் பாலிசியில் தருவார்களா?

வடசேரி_வாத்தியார்
சாதாரண பாலிசியில் இந்தத் தெரபிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா என்ற காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது, வருடத்துக்கு 1 லட்சம் வரை, தொடர் தெரபிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. மகனின் மாற்றுத்திறனாளி சான்று தயாராக இருக்கிறதா? இருந்தால் தனி இழை தொடங்கவும். மேலே உள்ள "கேட்பதற்கு முன் படிக்கவும்" பகுதியைப் படித்துவிட்டு.