பிரம்பு நாற்காலி கையால் செய்கிறவர்களுக்கு

முத்தியால்பேட்டையிலிருந்து:

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் பிரம்பு நாற்காலியை மாதிரியாக வைத்துச் செய்ய உட்காருகிறவர்களுக்குக் காலை வாருவது பக்கச் சட்டம்தான். இருக்கை சதுரம் கிடையாது. முன்னால் 45 செ.மீ., பின்னால் 38, ஆழம் 42 என்று வைத்தால் பக்கத்துக்கு 3.5 செ.மீ. உள்வாங்கும், சாய்வு கிட்டத்தட்ட 5 டிகிரி. 90 டிகிரி காட்டும் மூலைமட்டத்தை வைத்தே கோடு போட்டால், சட்டத்தின் தோள் (காலில் முட்டி நிற்கும் முகம்) ஒரு ஓரத்தில் காலோடு ஒட்டும், மறு ஓரத்தில் வாய் பிளக்கும். இருக்கையை முழு அளவில் பிளைவுட்டில் வரைந்து, அதிலிருந்தே சாய்வை எடுங்கள். கணக்குப் போட்டு எடுப்பதைவிட இது நம்பகமானது.

காலில் வெட்டும் துளை முதலில், அதற்குள் நுழையும் சட்ட நுனியின் நாக்கான கழுந்து பிறகு. துளையின் அகலம் உளியின் அகலம், அதை மாற்ற முடியாது. கழுந்தைச் சீவிக் குறைக்கலாம். 24 மி.மீ. தடிமன் சட்டத்துக்கு 8 மி.மீ. உளி. கழுந்து 25 மி.மீ. நீளமென்றால் துளை 27 ஆழம் இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அடியில் தேங்கும் பசை கழுந்தை வெளியே தள்ளும், தோள் உட்காரவே உட்காராது. கழுந்து கையழுத்தத்தில் பாதி போய், மீதி கொட்டாப்புளியின் (மரச் சுத்தியலின்) லேசான தட்டில் இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால் கால் பிளந்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

முத்தியால்பேட்டை அண்ணன் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். இடித்த வீட்டுத் தேக்கு வாங்கினால் இழைப்புளி வைக்குமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். முறிந்த ஆணி ஒன்று போதும், அலகின் விளிம்பு போய்விடும். உத்திரத்தைச் சட்டமாக அறுத்ததும் அளவுக்கு இழைக்காதீர்கள். உள்ளே பூட்டிக் கிடந்த இழுவை அவிழ்ந்து சட்டம் வளையும். 3 மி.மீ. கூடுதலாக விட்டு, இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது ஆறப் போடுங்கள். கடற்காற்றில் இரும்பு திருகு துருப்பிடிக்கும், அதனால் பித்தளைதான். ஆனால் பித்தளை மென்மை; துளைபோட்டு, அதே அளவு இரும்பு திருகை முதலில் ஏற்றிக் கழற்றிய பிறகே அதைப் போட வேண்டும். இல்லையென்றால் தலை முறுகி உடையும்.

நெல்லித்தோப்பிலிருந்து:

பின்னலுக்கு 2.5 மி.மீ. பிரம்பென்றால், அதைக் கோக்க இருக்கைச் சட்டத்தில் போடும் துளை 5 மி.மீ., நடுவுக்கு நடு 16 மி.மீ. பிரம்பை இருபது நிமிடம் நனைத்தால் போதும், ஊறப்போட்டு மறந்தால் கறுக்கும். வழவழப்பான முகம் மேலே.

முன்பின்னாக ஒன்று, குறுக்கே ஒன்று, மறுபடி முன்பின்னாக, மறுபடி குறுக்கே, பிறகு இரண்டு மூலைவாட்டம்: ஆறு அடுக்கு. முன் சட்டத்தின் நடுத் துளையிலிருந்து தொடங்குங்கள்; இருக்கை குறுகுவதால் ஓரத்தில் மிஞ்சும் இடத்துக்குக் குட்டை இழைகள் வரும். பலருக்கும் சிக்குவது மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கின் மேலேயே அது படுத்துவிட்டால் நான்காவது இழை நுழைய வழியில்லை. ஒரே பக்கமாக, வலப்புறம் தள்ளி வையுங்கள். முதலிரண்டையும் தளர்வாகவே விடுங்கள், மூலைவாட்டம் வரும்போது தானாக இறுகும்.

பாலிஷ் பின்னலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அரக்குச் செதிள் 100 கிராம், ஸ்பிரிட் அரை லிட்டர், கண்ணாடிப் பாட்டிலில் கரையுங்கள். இரும்பு டப்பாவில் நிறம் கருத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் வெண்மை படியும். வெயில் அடித்த நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் தடவினால் பெரும்பாலும் போய்விடும்.