குழந்தையின் இதயத்தில் கட்டி: பெற்றோரின் அனுபவங்கள்

ஒரு தாய், மதுரை:

ஏழாம் மாத ஸ்கேனில் என் மகளின் இதயத்தில் வெண்ணிறத் திட்டுகள் சில தெரிந்ததால், கருவின் இதயத்தை மட்டும் தனியே பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவை பெரும்பாலும் ராப்டோமயோமா வகைக் கட்டிகளாக இருக்கும் என்றும், குழந்தைகளின் இதயத்தில் தோன்றும் கட்டிகளில் இந்த வகையே அதிகம் என்றும், இது புற்றுநோய் அல்ல என்றும் குழந்தைகள் இதயநோய் மருத்துவர் விளக்கினார். பேறுகாலம் நெருங்கும்வரை இவை வளரக்கூடும். பிறந்த பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாமாகவே சுருங்கிவிடும். "கட்டி என்றால் எடுத்துவிட வேண்டியதுதானே" என்று என் மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார். இரத்தம் செல்லும் பாதை அடைபடாமலும் துடிப்பு சீராகவும் இருக்கும்வரை கத்தி வைக்கத் தேவையில்லை என்பதை அவருக்குப் புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை. என் மகளுக்கு இதயத்துக்கென்று எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு எக்கோவிலும் கட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன.

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதயம் அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட ராப்டோமயோமா இருந்தால் பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்பதால், மூளைக்கு எம்.ஆர்.ஐ., சிறுநீரகத்துக்கு ஸ்கேன், கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை என்று வரிசையாகச் செய்யச் சொன்னார்கள். முதுகில் இருந்த வெளிர் திட்டுகளை நாங்கள் தேமல் என்றே நினைத்திருந்தோம். புற ஊதா விளக்கின் கீழ் அவை இலை வடிவில் தெளிவாகத் தெரிந்தன; அவையும் இந்தக் கோளாறின் அடையாளம்தான். சில மாதங்களில், தூங்கி எழுந்ததும் தலை முன்னே கவிழ்ந்து கைகள் விரிகிற அசைவு அடுத்தடுத்து வரத் தொடங்கியது. பார்ப்பவர்கள் குழந்தை திடுக்கிடுகிறது என்றார்கள். முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததால் கைபேசியில் காணொளி எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம், அவர் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, வலிப்பு என்று உறுதிசெய்து, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினார். இதயக் கட்டி சுருங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி யாரும் நரம்பியல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து. எங்கள் இருவருக்கும் அந்த மரபணு மாற்றம் இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு இது புதிதாகவே தோன்றுகிறதாம்.

ஒரு தந்தை, கோயம்புத்தூர்:

எங்கள் மகனுக்கும் அதே ராப்டோமயோமாதான். ஆனால் இடது கீழறையிலிருந்து இரத்தம் வெளியேறும் வழியிலேயே அது இருந்ததால் காத்திருக்க முடியவில்லை. கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கும் எவெரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், கட்டி சுருங்கி அறுவைச் சிகிச்சை தவிர்க்கப்பட்டது. இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது, வாய்ப்புண் வந்தது, உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளைத் தள்ளிவைத்தார்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்த மருந்தின் அளவைக் கூட்டிவிடும் என்பதால், சளிக்குப் போனாலும் மருந்துச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு தந்தை, திருச்சி:

மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டு எல்லாக் கட்டியும் மறைந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு வந்தது ஃபைப்ரோமா என்ற வேறு வகைக் கட்டி. இது பெரும்பாலும் ஒற்றைக் கட்டியாகக் கீழறையின் தசைச் சுவரில் இருக்கும். உள்ளே சுண்ணாம்பு படிந்திருப்பதும் உண்டு. ராப்டோமயோமாவைப் போல வழக்கமாகச் சுருங்குவதில்லை. இதுவும் புற்றுநோய் அல்ல என்று கேட்டு நிம்மதியடைந்திருந்த எங்களுக்கு, ஆபத்து துடிப்பில் இருக்கிறது என்பது அவன் விளையாடும்போது மயங்கி விழுந்த பிறகுதான் விளங்கியது. கீழறையிலிருந்து எழும் வேகத் துடிப்பு உயிரையே பறிக்கக்கூடியது என்று சொல்லி, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து வால்வுக்கும் இரத்தக்குழாய்க்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளந்த பிறகே கட்டியை அகற்றினார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறான். ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, இதயத் துடிப்பை நாள் முழுவதும் பதியும் ஹோல்டர் கருவியின் அடுத்த பதிவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.