மறு: பின்விரிவா, கட்டுவிரிவா?

அன்பின் நண்பர்களுக்கு,

'பேக்ரனிம்' (backronym) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> ஆங்கிலச் சொல்லில் 'பின்' இருப்பதால் 'பின்விரிவு' என்பதே பொருத்தம்.

எனக்கு இதில்தான் இடிக்கிறது. 'பின்விரிவு' என்றால் வீட்டின் பின்பக்கம் பத்தி இறக்கினதுபோல் கேட்கிறது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: சொல் முதலில் பிறந்துவிட்டது, அதன் எழுத்துகளுக்கு யாரோ பிறகு ஒரு விரிவை ஒட்டிவிட்டு, அதிலிருந்துதான் சொல் வந்தது என்கிறார்கள்.

முல்லைத்தீவில் ஒரு மீனவர் வாடியில் கிடந்த பயிற்சித் தாளில், கப்பல்கள் ஆபத்தில் அனுப்பும் எஸ்ஓஎஸ் (SOS) என்றால் 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்' (Save Our Souls) என்று அச்சிட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். கரைவலைச் சம்மாட்டி ஒருவர், "ஆன்மாவை மேல இருக்கிறவர் பார்ப்பார், எங்கட உடம்பை ஆர் பார்க்கிறது?" என்றார்.

உண்மையில் அது எதன் சுருக்கமும் அல்ல. 1905இல் ஜெர்மனி தன் கம்பியில்லாத் தந்தி விதிகளில் சேர்த்த குறி. 1906 பெர்லின் மாநாடு ஏற்று, 1908 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் குறியின் புள்ளியைக் குறில், கோட்டை நெடில் என்றால், மூன்று குறில், மூன்று நெடில், மறுபடி மூன்று குறில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்குள்ளும் காது பிடித்துவிடும். ஒன்பதையும் இடைவெளி விடாமல் அனுப்புவதால் அதையே 'விடிபி' (VTB) என்றும் வெட்டி வாசிக்கலாம். ரோச் லைற்றை வாடித் தட்டியில் அடித்துக் காட்டினேன். எழுத்து எங்கே முடிகிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஆன்மா எங்கே வரும்?

அதற்கு முந்தைய ஆபத்துக் குறியான 'சிகியூடி'க்கும் (CQD) இதே கதிதான். எல்லா நிலையங்களையும் கூப்பிடும் 'சிகியூ'வோடு ஆபத்துக்கு ஒரு 'டி'. 'விரைந்து வா, ஆபத்து' (Come Quick, Danger) என்பது பிறகு கட்டியது. 1912இல் டைட்டானிக் இரண்டையும் அனுப்பியது. எஸ்ஓஎஸ் அனுப்பிய முதல் கப்பல் அதுதான் என்பதும் கதையே.

ஆகவே என் வாக்கு 'கட்டுவிரிவு'க்கு. கட்டுக்கதையில் உள்ள அதே கட்டு. விளக்கம் சொல்லாமலே பிடிபடும். நினைவில் வைக்கத் தெரிந்தே கட்டுவதும் உண்டே என்று கேட்பீர்கள். சரி, அதுவும் கட்டியதுதானே.

ஒரு நண்பர் 'நாவாய்தான் நேவி' என்பதையும் இதில் சேர்த்திருந்தார். நேவி லத்தீன் 'நாவிஸ்' வழி வந்தது; கட்டுமரம் கட்டமரன் ஆனதுதான் நம்முடையது. எப்படியும் அங்கே எழுத்து விரிவு இல்லை, அதற்கு இந்தச் சொல் வேண்டாம்.

வினைக்கு 'கட்டிவிரி' என்று வைத்தால் உங்களுக்குச் சரிவருமா?