'நேர்' இரண்டு முறை வரலாமா? பாசிட்டிவ் லீனியர் ஆபரேட்டருக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கவிருக்கும் வகுப்புக்கான குறிப்பேட்டை வியாழன் மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சார்புகளை நெருங்குவதற்காகக் கணிதர் பெர்ன்ஸ்டைன் 1912இல் தந்த பல்லுறுப்புக்கோவைகளில் தொடங்கி, கோரோவ்கின் 1953இல் நிறுவிய தேற்றம் வரை பாடம் செல்கிறது. 'பாசிட்டிவ் லீனியர் ஆபரேட்டர்' (ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பைத் தரும் ஒரு வகை விதி) என்பதற்கு நான் எழுதியிருந்த 'நேர் நேரியல் செயலி'யைச் சென்ற வாரம் வாய்விட்டுப் படித்தபோது, இரண்டாவது 'நேர்' அச்சுப்பிழையா என்று ஒரு மாணவி கேட்டார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'மிகை முழு'வைப் பின்பற்றி 'மிகை' என்றே வைக்கலாம் என்கிறார் ஈப்போ நண்பர். நல்ல சொல்தான், ஆனால் இந்தப் பாடத்தில் அது மாணவரைத் திசைதிருப்பும். மாறியின் வர்க்கத்தைச் சார்பாக எடுத்து, பெர்ன்ஸ்டைனின் நான்குபடிக் கோவையை 0.5இல் கணக்கிட்டுப் பாருங்கள். 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகியவற்றின் வர்க்கங்களை முறையே 1, 4, 6, 4, 1 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி 16ஆல் வகுத்தால் 0.3125 வருகிறது. உண்மை மதிப்போ 0.25. மிகையாக வந்ததால்தான் 'மிகைச் செயலி' என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். வரைகோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதால் வந்த கூடுதல் அது. எதிர்ப்பக்கம் வளைந்தால் குறைவாகவே வரும்.

'நேரியல்' என்பதை 'ஒருபடி' ஆக்கினாலும் இடர் தீரவில்லை. 'நான்குபடிக் கோவையைத் தரும் ஒருபடிச் செயலி' என்ற தொடரில் 'படி' இரு பொருளில் நிற்கிறது. 'நேர்' என்பதன் வேரைத் தேடி நேரசை, நிரையசை வரை சென்ற நம் குழு மடல்களை விரும்பிப் படித்தேன் என்றாலும், இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருப்பதுதானே நம் சிக்கல்.

என் பரிந்துரை 'குறிகாக்கும் நேரியல் செயலி'. சுழியத்துக்குக் கீழே இறங்காத சார்பைக் கொடுத்தால் விடையும் சுழியத்துக்குக் கீழே இறங்காது என்பதே வரையறை. இந்தப் பண்பு இருப்பதால்தான், ஒன்று, மாறி, மாறியின் வர்க்கம் ஆகிய மூன்று சார்புகளுக்குச் சீரான ஒருங்கல் (விடைகள் இடைவெளி முழுவதும் ஒருசேரச் சார்பை நெருங்குதல்) உண்டென்று காட்டிவிட்டால், மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான எல்லாச் சார்புகளுக்கும் அது கிடைத்துவிடுகிறது. தேற்றத்தைத் தாங்கும் பண்பு பெயரிலேயே தெரிய வேண்டும்.

அடுத்து, இத்துறையின் பெயரான 'அப்ராக்சிமேஷன்' என்பதற்குத் 'தோராயம்' வேண்டாம், 'அண்ணளவாக்கம்' என்போம். பிழையை இத்தனை துல்லியமாக அளக்கும் துறைக்கு, கடைத்தெருவில் 'தோராயமாக எவ்வளவு வரும்' என்று கேட்கும் சொல் பொருந்தவில்லை. மேற்சொன்ன 0.0625 என்ற பிழை, நூறுபடிக் கோவையில் சரியாக 0.0025 ஆகிறது. அண்ணுதல் என்றால் நெருங்குதல். மலாய்க்காரர்களும் அருகு என்று பொருள்படும் ஹம்பிரிலிருந்தே பெங்ஹம்பிரானை ஆக்கினார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் 'கிட்டிய நூறு' என்று எழுதிப் பழகியவர்கள். ஆகவே 'அண்ணளவாக்கம்' அவர்களுக்கு அந்நியமாகாது.

பினாங்கிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். 'குறிகாக்கும்' என்பது இல்லாத உறுதியைத் தருகிறது. நீங்கள் எடுத்த வர்க்கத்திலிருந்தே 0.26ஐக் கழியுங்கள். 0.5இல் சார்பின் மதிப்பு −0.01, நான்குபடிக் கோவையின் மதிப்பு 0.0525. குறி எங்கே காக்கப்பட்டது? இடைவெளி முழுவதும் ஒரே குறியுடன் இருக்கும் சார்புக்கே உங்கள் சொல் பொருந்தும். 'நேர்ம நேரியல் செயலி' என்றால் ஓசைத் தடுமாற்றமும் குறையும், அகராதியில் தேடுபவருக்கும் 'நேர்' கிடைக்கும். 'செயலி' இன்று கைப்பேசிக்குப் போய்விட்டதே என்ற கவலையை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரிலிருந்து, முதல் மடல் எழுதியவரின் பதில்:

ஐயா, கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் மறுப்பு சரி. மேலும் ஐவர் 'நேர்ம' போதும் என்று எழுதிவிட்டதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ஈப்போ நண்பர் 'மிகை'யை இன்னும் விடவில்லை. எனக்கும் மனம் முழுதாக ஆறவில்லை. 'கீழிறங்கா நேரியல் செயலி' என்றால் உங்கள் எடுத்துக்காட்டு அதையும் வீழ்த்துமா என்று பார்த்து எழுதுங்கள். வியாழன் மாலை வரை திருத்த இடமுண்டு.