ஏரிக்கரைப் பழைய கட்டடம் படிப்பகமாகுமா? சுவரில் உப்புப் பூத்திருக்கிறது

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் பூங்கா ஏரியை ஒட்டி பிரிட்டிஷ் காலத்து ஓய்வில்லம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கீழே செங்கல் சுவர், மாடியில் பலகைத்தளம், மேலே ஓட்டுக்கூரை. இடம் மாநகர் மன்றத்துக்குச் சொந்தம். கீழே தேநீர்க்கடை, மாடியில் தமிழ்ப் படிப்பகமும் கூட்ட அறையும் வைக்க எங்கள் குடியிருப்பாளர் சங்கம் திட்டம் எழுதுகிறது. கீழ்ச்சுவரில் இடுப்பளவுக்குச் சாயம் உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. சிமெண்டு பூசிச் சாயம் அடித்தால் போதும் என்கிறார் கட்டட வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். சரிதானா?

காரைச்சுவர்:
சிமெண்டு வேண்டவே வேண்டாம். மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது. சிமெண்டு அதை வெளியே விடாததால் இன்னும் உயரே ஏறி, அங்கே உப்பைக் கக்கும். உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகமே பொடிப்பொடியாக உதிரும்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கனமழையின்போது போய்ப் பாருங்கள்: கூரையோர வாய்க்கால் எங்கே வழிகிறது, அந்தத் தண்ணீர் எந்தச் சுவரடியில் விழுகிறது? பூங்காக்களில் நடைபாதையை மேலே மேலே போட்டு வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிடுவது வழக்கம். சுவரைச் சுற்றி, உள்தரைக்கு 15 செ.மீ. கீழ்வரை தோண்டி, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

பிறகு, ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக்கூழை 2 செ.மீ. கனத்தில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். உப்பு அதோடு வரும். உப்பு அளவு குறையும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு 1, மணல் 3. ஒரு பூச்சு 1 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, வெயிலில் சட்டென்று காயவும் விடக்கூடாது. மேலே சுண்ணாம்புச் சாயம்தான். பிளாஸ்டிக் சாயம் அடித்தால் பழைய கதைதான்.

தச்சன்மேடு:
கூட்ட அறையைக் கீழே கொண்டுவாருங்கள். வீட்டுத்தளம் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடப்படும். நிலையான இருக்கை இல்லாத கூட்ட அறைக்கு 500 கிலோ வேண்டும். அதற்காக மாடியில் இரும்பு உத்தரம் போட்டால் கட்டடத்தின் அழகே போய்விடும். படிப்பகம் மாடியிலேயே இருக்கட்டும், ஆனால் அலமாரிகள் இடுப்புயரம்தான், சுமைதாங்கும் சுவரை ஒட்டி. பொறியாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு புத்தகமும் மேலே போகக்கூடாது.

உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். செங்கால் என்கிற மலேசியக் கடினமரம் நடுவில் கல் மாதிரி இருந்தாலும், ஈரச்சுவருக்குள் இருக்கும் முனை உளுத்திருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அதே மரத்தால் ஒட்டுப் போட்டால் போதும். மாடிக்கு ஒரே மரப்படிதான் என்றால் பொம்பாவிடம் (தீயணைப்புத் துறை) முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது படி தேவைப்பட்டால், சுவரில் மாட்டாமல் தனித்து நிற்கும் படியாக வெளியே வைக்கலாம்.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி ஐயா. தேநீர்க்கடைக்கும் அனுமதிக்கும்?

காரைச்சுவர்:
பொரிப்பது வேண்டாம். எண்ணெய்க் கழிவு பூங்காச் சாக்கடை வழியே நேரே ஏரிக்குப் போகும். தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), பொட்டலமாக வரும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), இவ்வளவே போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு, எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைக்கும் கொழுப்புப்பொறி வைத்து, கழிவுநீரைப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேருங்கள். குழாய் தூரத்தில் இருந்தால் பம்பு வேண்டும், அந்தச் செலவை இப்போதே எழுதுங்கள். படிப்பகத்துக்கு ஏர்கான் வேண்டாம். இராத்திரி நிறுத்தினால் குளிர்ந்த சுவரில் வெளிக்காற்று வேர்த்து, புத்தகம் பூசணம் பிடிக்கும். மின்விசிறியும் திறந்த சன்னலும் போதும்.

அனுமதியில் முதல் கேள்வி: 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடமா? ஆமென்றால் மரபுடைமை ஆணையரின் ஒப்புதல் வராமல் பூச்சைக்கூடக் கொத்தாதீர்கள். பயன்பாட்டு மாற்றத்துக்கு மாநகர் மன்றத்தில் தனி விண்ணப்பம். வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதியை நம்பிக் கூரைக்குச் செலவழிக்காமல், பல ஆண்டுக் குத்தகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.